முட்டி வலிக்கு எது சரி: கரண்ட்டா, ஊசியா, ஆபரேஷனா, இல்ல உக்காந்து எந்திரிக்கிறதா?

மாம்பலம் ஸ்டேஷன்ல ரங்கநாதன் தெரு பக்கம் இறங்குற படி இருக்கே, அங்கதான் எனக்கு முதல்ல தெரிஞ்சுது. ஏறும்போது ஒண்ணும் இல்ல, இறங்கும்போது வலது முட்டில சுருக்குனு ஒரு பிடி, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நின்னுட்டேன், பின்னாடி வந்த கூட்டம் "நகருங்கம்மா, வழில நிக்காதீங்க"ன்னு இடிச்சுக்கிட்டே போகுது. அப்ப எனக்கு 56 வயசு. வீடு மேற்கு மாம்பலத்துல மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அந்தக் காலத்து ஃபிளாட். ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கணும்னாலும் 48 படி இறங்கி 48 படி ஏறணும், எண்ணி வச்சிருக்கேன்.

எக்ஸ்ரே எடுத்தோம், ஆர்த்தோ டாக்டர் பாத்துட்டு "தேய்மானம், கிரேடு 2, ஃபிசியோ போங்க, வெயிட் குறைங்க"ன்னு ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டார். கிரேடு நம்பர் ஏற ஏற தேய்மானம் அதிகம்னு அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்கு ஒண்ணு. நாத்தனார் மூட்டுக்குள்ள வழவழப்புக்குப் போடுற ஜெல் ஊசி போட்டுக்கோ, ரெண்டு வருஷம் தாங்கும்னாங்க, எதிர் ஃபிளாட் மாமி எண்ணெய் பாட்டிலோடவே வந்துட்டாங்க, எங்க வீட்டுக்காரர் யூடியூப்ல எல்லாம் ஃப்ரீயா இருக்கே எதுக்கு காசுன்னார், ரெண்டு முட்டியும் மாத்திக்கிட்ட எங்க பெரியக்கா "எப்படியும் கடைசில ஆபரேஷன்தான், உடம்புல தெம்பு இருக்கும்போதே பண்ணிட்டுப் போயேன்டி"ன்னாங்க. ஒரு வருஷமா இதுல பாதியை நானே பண்ணிப் பாத்து, மீதியைப் படிச்சும் கேட்டும் அலசினதைத்தான் எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, முட்டி உள்ள ஒரு சாதாரண ஆளு.

எது நல்லதுன்னு ஒப்பிடணும்னா முட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் தெரியணும், இல்லனா விளம்பரத்துல வர்றதையெல்லாம் நம்பிடுவோம். எலும்பு நுனில வழவழன்னு ஒரு குருத்தெலும்பு போர்வை இருக்கு, அதுக்கு ரத்தக்குழாயே கிடையாது. அப்ப சாப்பாடு எப்படி போகுதுன்னா, மூட்டுக்குள்ள இருக்குற வழுவழுப்பான திரவத்துலேந்து, ஸ்பாஞ்ச் மாதிரி, நாம நடக்கும்போது அமுங்கி, காலைத் தூக்கும்போது விரிஞ்சு உறிஞ்சிக்குது. அதனால "வலிக்குதா, அசையாம படு"ங்கிறது ரொம்ப நாளைக்கு முட்டிக்கு பட்டினி போடுற மாதிரி. அதுக்கு மேல, முட்டி மேல விழுற அதிர்ச்சியை வாங்கிக்கிறது தொடையோட முன்பக்கச் சதை. அது வத்திப்போனா எல்லா பாரமும் நேரா எலும்பு மேலதான். சமதரைல நடக்கும்போதே நம்ம உடம்பு எடையைப் போல ரெண்டரை மடங்கு முட்டில விழுதாம், படி இறங்கும்போது மூணரை மடங்கு கிட்ட. மாம்பலம் ஸ்டேஷன் படி ஏன் என்னைக் காட்டிக் கொடுத்துச்சுன்னு அப்பதான் புரிஞ்சுது.

இன்னொண்ணு, எக்ஸ்ரேயைப் பாத்து பயந்துடாதீங்க. கிரேடு 3 இருக்குறவங்க நாகேஸ்வரராவ் பார்க்ல தினம் ஏழு ரவுண்டு போறாங்க, கிரேடு 1 இருக்குறவங்க கட்டில்லேந்து எந்திரிக்க முடியாம கஷ்டப்படுறாங்க. படத்துக்கும் வலிக்கும் அவ்வளவா பொருத்தம் கிடையாது, டாக்டருங்களே ஒத்துக்குற விஷயம் இது. "எலும்பும் எலும்பும் உரசுது"ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுறாங்க பாருங்க, அதைக் கேட்டதுலேந்து பாதிப் பேர் நடக்கிறதையே நிறுத்திடுறாங்க, அந்த வார்த்தை பண்ற கெடுதல் தேய்மானம் கூட பண்றதில்ல. முட்டில டக்கு டக்குனு சத்தம் வர்றதும் அப்படித்தான், வலியோ வீக்கமோ இல்லாம சத்தம் மட்டும் வந்தா விட்டுடலாம்.

முதல்ல நான் போனது எங்க தெருக்கோடில இருக்குற ஒரு ஃபிசியோ சென்டர். பேர் வேணாம். பத்து சிட்டிங் பேக்கேஜ், முன்பணம். போனா படுக்க வச்சு முட்டியைச் சுத்தி பேடு ஒட்டி கரண்ட் வைப்பாங்க, குறுகுறுன்னு நல்லாவே இருக்கும், பதினஞ்சு நிமிஷம், அப்புறம் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் கருவியை தேய்ப்பாங்க, சில நாள் மெழுகு ஒத்தடம், முடிஞ்சுது, நாளைக்கு வாங்கம்மா. வெளிய வரும்போது கால் லேசா இருக்கும், வீட்டு வாசல்ல 48 படி ஏறினதும் பழைய கதை. பத்தாவது நாள் "இன்னும் ஒரு பேக்கேஜ் போட்டா செட் ஆயிடும்"னாங்க. அந்தப் பத்து நாள்ல ஒரு எக்சர்சைஸ் சொல்லித் தரல, சரியாச் சொல்லணும்னா கடைசி நாள் ஒரு ஜெராக்ஸ் பேப்பர் கொடுத்தாங்க, அதுல இருந்த படம் பாதி அழிஞ்சிருந்துச்சு.

நான் ஏமாந்துட்டேன்னு அப்ப நினைக்கல, ஃபிசியோன்னா இதுதான்னு நினைச்சுட்டேன், நம்ம ஊர்ல பலபேர் ஃபிசியோவை "கரண்ட் வைக்கிறது"ன்னுதானே சொல்றோம். அப்புறம்தான் படிச்சேன், பிரிட்டன்ல நைஸ்னு ஒரு அமைப்பு டாக்டருங்களுக்கு வழிகாட்டுதல் போடுது, 2022ல மூட்டுத் தேய்மானத்துக்கு அவங்க சொன்னது, எல்லாருக்கும் முதல் சிகிச்சை உடற்பயிற்சிதான், இந்த கரண்ட், அல்ட்ராசவுண்ட் வகையறாவைக் கொடுக்க வேணாம், பலன் இருக்குன்னு ஆதாரம் போதலன்னு. குளூக்கோசமைன் மாத்திரையையும் வேணாம்னு அதுலயே போட்டிருக்கு, அதை நான் ரெண்டு டப்பா முழுங்கி முடிச்ச பிறகு படிச்சேன்.

அப்பலேந்து எந்த வழியைப் பத்தி யார் சொன்னாலும் நான் கேக்குற கேள்வி ஒண்ணுதான், இதுல வேலை செய்யுறது யாரு? கரண்ட்ல மெஷின் வேலை செய்யுது, எண்ணெய்ல தேய்க்கிறவங்க கை வேலை செய்யுது, ஊசில மருந்து வேலை செய்யுது, என் தொடை எல்லாத்துலயும் சும்மா படுத்துக்கிட்டிருக்கு. வலுவாக வேண்டியது தொடை.

ரெண்டாவதா போன இடம் அசோக் நகர் பக்கம், ஒரு சின்ன பொண்ணு நடத்துது, மெஷின் ஒண்ணே ஒண்ணு மூலைல துணி போத்தி இருந்துச்சு. உள்ள போனதும் படுக்கச் சொல்லல, கைப்பிடி இல்லாத ஒரு சேர்ல உக்கார வச்சு, கையை நெஞ்சுல குறுக்கால கட்டிக்கிட்டு "30 செகண்ட்ல எத்தனை தடவை எந்திரிச்சு உக்காருவீங்க ஆன்ட்டி, பாக்கலாம்"னுச்சு. எட்டு. அதுவும் எட்டாவது தடவை சேர்ல பொத்துனு விழுந்தேன். 60லேந்து 64 வயசுப் பொம்பளைங்களுக்கே 12க்கு குறைஞ்சா பலம் கம்மின்னு கணக்காம், ஆம்பளைங்களுக்கு 14. நான் அந்த வயசுக்குக் கூட வரல. "தொடைல சதையே இல்ல ஆன்ட்டி, முட்டி பாவம் தனியா சமாளிக்குது"ன்னு அந்தப் பொண்ணு சொன்னதும் எனக்கு சிரிப்பும் வந்துச்சு அழுகையும் வந்துச்சு. இந்த டெஸ்ட்டை நீங்களும் வீட்ல பண்ணிப் பாக்கலாம், சேரைச் சுவரோட ஒட்டிப் போட்டுக்கோங்க, பக்கத்துல ஒருத்தர் நிக்கட்டும், எக்ஸ்ரேவை விட இது உங்க முட்டியைப் பத்தி நிறையச் சொல்லும்.

வாரம் ரெண்டு நாள், ஆறு வாரம், அதான் பிளான். டென்மார்க்ல இதே மாதிரி ஒரு திட்டம் 2013லேந்து நடக்குதாம், முதல்ல நோயைப் பத்தி வகுப்பு, அப்புறம் பன்னெண்டு தடவை கண்காணிப்புல பயிற்சி, அதைப் பாத்துதான் தானும் பண்றேன்னு சொல்லுச்சு. முதல் வாரம் சும்மா குழந்தை வேலை மாதிரி இருந்துச்சு, காலை நீட்டி உக்காந்து முட்டிக்குக் கீழ சுருட்டின டவலை வச்சு கீழ அமுக்கி அஞ்சு எண்ணணும், அப்புறம் படுத்துக்கிட்டு காலை நேரா ஒரு முழம் தூக்கி நிறுத்தணும், ஒருக்களிச்சுப் படுத்து இடுப்புச் சதைக்கு ஒண்ணு. இடுப்பு எதுக்குன்னு கேட்டேன், இடுப்புச் சதை தளர்ந்தா படி இறங்கும்போது முட்டி உள்பக்கமா மடங்கும்னு கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு காட்டுச்சு, நிஜமாவே என் முட்டி உள்ள போகுது.

ரெண்டாவது வாரத்துலேந்து சேர். முதல்ல சேர் மேல ரெண்டு தலகாணி போட்டு உயரமாக்கி பத்து பத்தா மூணு தடவை, அது சுலபமானதும் ஒரு தலகாணியை எடுத்துட்டோம், அப்புறம் ரெண்டாவதையும். வீட்ல பூஜைக்குப் போடுற மணை இருந்துச்சு, அதுல ஏறி இறங்குறது, அது பழகினதும் வாசப்படி. காலுக்கு வெயிட் கட்டணும்னதும் நான் கடைக்கெல்லாம் போகல, ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டை பழைய துப்பட்டால சுத்தி கணுக்கால்ல கட்டிக்கிட்டேன். இதுல முக்கியமான விஷயம் என்னன்னா சுமை ஏறிக்கிட்டே போகணும். நம்ம ஆளுங்க பலபேர் ஆறு மாசமா அதே பத்து தடவை காலைத் தூக்கிட்டு "ஃபிசியோ பண்ணேன், கேக்கல"ன்னு சொல்றாங்க. ஒண்ணாங்கிளாஸ் பாடத்தையே அஞ்சு வருஷம் படிச்சா எப்படி.

வலிக்குமான்னு கேப்பீங்க, வலிக்கும். பத்துக்கு எவ்வளவுன்னு நாமளே மார்க் போட்டு அஞ்சு வரைக்கும் போனா பரவால்ல, ஆனா மறுநாள் காலைல அது பழைய நிலைக்கு வந்துடணும், வரலைன்னா நேத்து அதிகமாப் பண்ணிட்டோம்னு அர்த்தம், ஒரு படி குறைச்சுக்கணும். இந்த ஒரு விதி தெரியாததாலதான் முதல் வலிலயே எல்லாரும் ஓடிடுறாங்க. எனக்கு நாலாவது வாரம் வரைக்கும் பெருசா வித்தியாசம் தெரியல, சலிச்சுப் போச்சு, அஞ்சாவது வாரம் ஒரு நாள் பால் பாக்கெட் வாங்கிட்டு மேல வந்தப்புறம்தான் கம்பியைப் பிடிக்காமலே ஏறி வந்திருக்கேன்னு ஞாபகம் வந்துச்சு.

காசுக் கணக்கு. நான் போன இடத்துல ஒரு தடவைக்கு 400 ரூபாய், பன்னெண்டு தடவைக்கு 4,800. கரண்ட் பேக்கேஜுக்கு நான் கொடுத்தது 3,500. வீட்டுக்கே வர்ற ஃபிசியோவுக்கு எங்க ஏரியால கேட்டப்ப 700லேந்து ஆயிரம் வரைக்கும் சொன்னாங்க, ஏரியா மாறினா இது மாறும்.

வீட்டுக்கு வர்றவங்களா நாம போறதாங்கிறதுல எனக்கு ஒரு திட்டவட்டமான அபிப்பிராயம் இருக்கு. நடக்க முடியுறவங்க கிளினிக்குத்தான் போகணும். வீட்டுக்கு வந்தா குக்கர் சத்தம், காலிங் பெல்லு, பேரன் நடுவுல வந்து உக்காருவான், வந்தவங்களும் அடுத்த வீட்டுக்கு ஓடணுமேன்னு இருபது நிமிஷத்துல காலை ஆட்டி விட்டுட்டு காபி குடிச்சுட்டுப் போயிடுவாங்க. ஆனா எங்க மாமியாருக்கு 82, மூணு மாடி இறங்கி ஏத்துறதுங்கிறது ஒரு திருவிழா, அவங்களுக்கு வீட்டுக்கு வர்றதுதான் சரி, அவங்க வீட்டு பாத்ரூம்லயே, அவங்க கட்டில் உயரத்துலயே எந்திரிச்சுப் பழகிக்கலாம், அது கிளினிக்ல கிடைக்காது. காசு கஷ்டம்னா, மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச தமிழ்நாடு அரசுத் திட்டம் இருக்கு, சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வர்றது எல்லாருக்கும் தெரியும், வெளிய வர முடியாதவங்களுக்கு வீட்லயே ஃபிசியோவும் அதுல உண்டு, உங்க ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல கேக்கணும். வெளிய போக முடியும்னா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்துல 2024 பிப்ரவரில திறந்த முதியோர் நல மருத்துவமனை இருக்கு, கே.கே.நகர்ல அரசு புனர்வாழ்வு மருத்துவமனை இருக்கு, சென்ட்ரல் எதிர்ல ஜி.ஹெச் இருக்கவே இருக்கு. க்யூ இருக்கும், காலைலயே போகணும்.

யூடியூப் வழி? எங்க வீட்டுக்காரர் சொன்னதை நான் முழுசா தள்ளல. எக்சர்சைஸ் ஒண்ணும் ராணுவ ரகசியம் இல்ல, எல்லாம் அங்கயே இருக்கு. ஆனா என் முட்டி உள்பக்கம் மடங்குறதை வீடியோ சொல்லாது, அதுவும் "மூணே நாள்ல முட்டி வலி போகும்"னு தலைப்பு போட்டவங்களை நம்பி முழு ஸ்குவாட் போட்டா முட்டி வீங்கிடும். ரெண்டோ மூணோ தடவை நேர்ல போய் சரியா கத்துக்கிட்டு மீதியை வீட்ல பண்ணி மாசம் ஒரு தடவை போய்க் காட்டுறது, காசு குறைவா இருக்குறவங்களுக்கு இதுதான் என் யோசனை. ஃபிசியோ பிபிடி, அதாவது ஃபிசியோதெரபி டிகிரி, படிச்சவங்களான்னு கேட்டுக்கோங்க, மசாஜ் பண்றவங்களும் இப்ப அதே போர்டு மாட்டிக்கிறாங்க.

"நான்தான் தினம் பீச்ல நடக்குறேனே, அது போதாதா?" இதை என் ஃபிரெண்டு ஒருத்தி பெசன்ட் நகர்லேந்து கேட்டா. நடக்குறது மனசுக்கு, சுகருக்கு, தூக்கத்துக்கு எல்லாத்துக்கும் நல்லது, வலியும் கொஞ்சம் குறையும், ஆனா தொடையை வலுவாக்க அந்தச் சுமை பத்தாது, சேரும் படியும் கூட வேணும். யோகா பண்றவங்க வஜ்ராசனத்துல உக்காந்தாதான் முட்டிக்கு நல்லதுன்னு வலியைப் பல்லைக் கடிச்சு பொறுத்துக்காதீங்க, வலி இருக்குற காலத்துல அதை விட்டுடலாம், நின்னு பண்ற ஆசனங்கள் தாராளமா பண்ணலாம். தரைல உக்காரவே கூடாதுன்னு டாக்டருங்க சொல்றதுல எனக்கு அரை சம்மதம்தான். வலி ஜாஸ்தியா இருக்கும்போது சரி, ஆனா வாழ்நாள் முழுக்க தரையையே மறந்துட்டா ஒரு நாள் வழுக்கி விழுந்தா எந்திரிக்கத் தெரியாம போயிடும், தெம்பு வந்தப்புறம் ஒரு சேரைப் பிடிச்சுக்கிட்டு தரைல உக்காந்து எந்திரிச்சுப் பழகறது நல்லதுன்னு அந்தப் பொண்ணும் சொல்லுச்சு.

வெயிட்டைப் பத்தி எல்லா டாக்டரும் சொல்றாங்க, யாரும் கணக்கு சொல்றதில்ல, அந்தக் கணக்கு தெரிஞ்சா நமக்கே ஆசை வரும். ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல நாலு கிலோ குறையுது. நான் குறைச்சது மூணே கிலோ, அதுவும் சாயங்கால பஜ்ஜியை விட்டதுலயும் ராத்திரி சோத்தைக் குறைச்சதுலயும் வந்தது, அப்ப ஒரு அடிக்கு பன்னெண்டு கிலோ, பாண்டி பஜார் ஒரு சுத்து சுத்தினா எத்தனை அடின்னு நீங்களே பெருக்கிக்கோங்க.

எண்ணெய், முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், இதையெல்லாம் நான் விரோதியா பாக்கல. மாமி கொடுத்த எண்ணெயைச் சூடா தேய்ச்சு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வருது, மறுநாள் எக்சர்சைஸ் பண்ண கால் இளகி இருக்கு, அந்த அளவுக்கு நல்லது. முடக்கத்தான் தோசை ருசிக்காகவே சாப்பிடலாம். அது தேய்ஞ்ச குருத்தெலும்பை வளக்கும்னு சொன்னா மட்டும் நம்பாதீங்க, கடைல கிடைக்கிற எந்த மாத்திரையும் எந்த ஊசியும் கூட அதைப் பண்ணும்னு இதுவரைக்கும் நிரூபணம் ஆகல. முட்டி உறை கூட்டத்துல போகும்போது ஒரு தைரியம் கொடுக்கும், நாள் முழுக்க மாட்டிக்கிட்டு இருக்க வேணாம். கைத்தடி வச்சுக்க வெக்கப்படாதீங்க, வலது முட்டி வலிச்சா தடி இடது கைல இருக்கணும், பாதிப் பேர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறாங்க. படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்ல நாமளா வாங்கி மாசக்கணக்குல போடுறது, 60க்கு மேல, அதுவும் பிபி சுகர் இருந்தா, கிட்னிக்கும் வயித்துக்கும் ஆபத்து, மேல தடவுற டைக்ளோஃபினாக் ஜெல் அதுக்கு எவ்வளவோ மேல்.

இப்ப ஊசி. இதுலதான் நாத்தனாருக்கும் எனக்கும் ஒரு மாசம் பேச்சு வார்த்தை இல்லாம போச்சு. மூணு வகை இருக்கு. ஸ்டீராய்டு ஊசி விலை கம்மி, போட்ட சில நாள்லயே வலி குறையும், அதுல பொய் இல்ல, சில வாரம் நிக்கும். ஆனா 2020ல அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகள்ல 156 பேரை ரெண்டா பிரிச்சு பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசி, பாதிப் பேருக்கு ஃபிசியோன்னு கொடுத்து ஒரு வருஷம் பாத்தாங்க, அவங்க சராசரி வயசு 56, என் வயசேதான், ரெண்டு பக்கமும் முன்னேற்றம் இருந்துச்சு, வருஷக் கடைசில வலியும் நடமாட்டமும் ஃபிசியோ பக்கம்தான் தெளிவா நல்லா இருந்துச்சு. அதுக்கு முன்னாடி 2017ல வந்த இன்னொரு ஆய்வுல மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு ரெண்டு வருஷம் ஸ்டீராய்டு போட்டவங்களுக்கு, வெறும் உப்புத்தண்ணி ஊசி போட்டவங்களை விட குருத்தெலும்பு அதிகமா குறைஞ்சுது, வலில ஒரு வித்தியாசமும் இல்ல. அதனால ஸ்டீராய்டு ஊசியை நான் இப்படித்தான் பாக்குறேன், முட்டி வீங்கி எக்சர்சைஸ் ஆரம்பிக்கவே முடியலைன்னா, இல்ல அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம்னா, டாக்டர் சொல்லி ஒண்ணு போட்டுக்கிட்டு அந்த நல்ல வாரங்கள்ல தொடையைத் தயார் பண்ணிடணும். ஜெல் ஊசி விலை ஜாஸ்தி, நைஸ் வழிகாட்டுதல்ல அதையும் வேணாம்னுட்டாங்க. நம்ம ரத்தத்தையே எடுத்து மெஷின்ல சுத்திப் பிரிச்சுப் போடுற பிஆர்பி ஊசி இப்ப சென்னைல திரும்பின பக்கமெல்லாம் விளம்பரம், 2021ல ஆஸ்திரேலியால 288 பேரை வச்சுப் பாத்ததுல ஒரு வருஷத்துக்கு அப்புறம் உப்புத்தண்ணிக்கும் அதுக்கும் வலில சொல்லும்படியா வித்தியாசம் வரல. நாத்தனார் போட்டுக்கிட்டாங்க, நல்லா இருக்குன்னு சொல்றாங்க, இருக்கட்டும்.

சின்ன ஓட்டை போட்டு "உள்ள க்ளீன் பண்ணிடலாம்"னு ஒரு ஆபரேஷன் சொல்வாங்க, தேய்மானத்துக்காக மட்டும்னா அதை யாராவது சொன்னா ரெண்டாவது டாக்டர் கிட்ட போங்க. 2002லயே 180 பேருக்குப் பண்ணிப் பாத்தாச்சு, சில பேருக்கு தோல்ல மட்டும் கீறி, உள்ள ஒண்ணும் பண்ணாம பொய் ஆபரேஷன், ரெண்டு கூட்டத்துக்கும் பலன் ஒரே மாதிரிதான் இருந்துச்சு.

முழு மூட்டு மாத்துறது வேற ஜாதி, அதை இதோட சேக்கக் கூடாது. எங்க பெரியக்காவுக்கு 67 வயசுல ரெண்டு முட்டியும் மாத்தினாங்க. அதுக்கு முன்னாடி அவங்க கால் ரெண்டும் வில்லு மாதிரி வளைஞ்சு, ராத்திரி வலில தூங்காம, கோயில் பிரகாரத்தைப் பாத்தே அஞ்சு வருஷம் ஆயிருந்துச்சு. அவங்களுக்கு ஆபரேஷன் சரியான முடிவு, சந்தேகமே இல்ல. 2015ல டென்மார்க்ல 100 பேரை வச்சு பண்ண ஆய்வுலயும், மூட்டு மாத்திட்டு ஃபிசியோ பண்ணவங்களுக்கு, ஃபிசியோ, டயட் மட்டும் பண்ணவங்களை விட ரெண்டு மடங்கு முன்னேற்றம். அதே ஆய்வோட இன்னொரு பக்கத்தை அக்கா ஒத்துக்க மாட்டாங்க, ஆபரேஷன் இல்லாதவங்களும் நல்லாவே தேறினாங்க, முதல் வருஷத்துல நாலுல மூணு பேருக்கு ஆபரேஷனே தேவைப்படல, பெரிய பக்கவிளைவுகள் ஆபரேஷன் பக்கம் 24, இந்தப் பக்கம் 6. அதாவது இது ஓட்டப்பந்தயம் இல்ல, வரிசை. ஃபிசியோ ஒழுங்கா மூணு மாசம் பண்ணிப் பாத்து, அப்பவும் தூக்கம் போகுது, நடை சுருங்குதுன்னா மாத்திக்கலாம், அப்ப கூட ஃபிசியோ வீணாப் போகாது, தொடை வலுவா இருக்குற ஆளு ஆபரேஷனுக்கு அப்புறம் சீக்கிரம் எந்திரிக்கிறாங்க. மாத்தின முட்டி எவ்வளவு நாள் வரும்னு கேட்டா, நூத்துக்கு 82 முட்டி 25 வருஷம் தாங்குதுன்னு 2019ல கணக்கு வந்திருக்கு, அப்ப 56 வயசுல அவசரப்பட்டா 80க்கு மேல திரும்ப ஒரு ஆபரேஷன் வர வாய்ப்பு இருக்கு, 70ல பண்ணா அந்தக் கவலை ரொம்பக் கம்மி.

செலவு, அக்காவுக்கு தனியார்ல ஒரு காலுக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல ஆச்சு. 2017 ஆகஸ்ட்ல மத்திய அரசு உள்ள வைக்கிற மூட்டுக்கு உச்சவரம்பு போட்டுச்சு, அதிகமா உபயோகிக்கிற கோபால்ட் குரோமியம் வகை அதுக்கு முன்னாடி ஒன்றரை லட்சத்துக்கு மேல வித்தது, 54,720 ஆச்சு, ஜிஎஸ்டி தனி. அதனால பில்லுல மூட்டுக்கு எவ்வளவு, ரூமுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் கேளுங்க. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருஷம் அஞ்சு லட்சம் வரைக்கும் கவர் இருக்கு, அரசு ஆஸ்பத்திரிலயே மூட்டு மாத்துறாங்க.

இதுல எதையும் ஒப்பிட்டுக்கிட்டு உக்காராம உடனே டாக்டர் கிட்ட ஓட வேண்டிய நேரமும் இருக்கு. முட்டி திடீர்னு சிவந்து வீங்கி காய்ச்சல் வந்தா, விழுந்து அடிபட்டு காலை ஊனவே முடியலைன்னா, முட்டி பாதில லாக் ஆகி நீட்ட வரலைன்னா, கெண்டைக்கால் மட்டும் ஒரு பக்கம் வீங்கி வலிச்சா, அன்னைக்கு எண்ணெயும் கிடையாது ஃபிசியோவும் கிடையாது.

எங்க வீட்ல இப்ப நிலவரம். எனக்கு ஆறு வாரம் முடிஞ்சு, மாசம் ஒரு தடவை போய்க் காட்டிட்டு வரேன், வீட்ல வாரம் மூணு நாள், டிவி சீரியல் விளம்பர இடைவேளைல சேர் வேலை, துவரம்பருப்பு இப்ப ரெண்டு கிலோ ஆயிடுச்சு. 30 செகண்டுக்கு 14. நடுவுல மார்கழில சபால ரெண்டரை மணி நேரம் உக்காந்துட்டு மூணு வாரம் எதுவும் பண்ணாம விட்டதுல 11க்கு இறங்கி திரும்ப ஏத்தினேன், விட்டா போயிடும், அது மட்டும் நிச்சயம். மாமியாருக்கு வாரம் ஒரு நாள் ஃபிசியோ வீட்டுக்கு வர்றாங்க, கட்டில் கால்ல மரக்கட்டை வச்சு உயரமாக்கினோம், வெஸ்டர்ன் டாய்லெட் பக்கத்துல கைப்பிடி போட்டோம், அதுக்கு ஆன செலவு ஒரு ஜெல் ஊசியோட விலைல பாதி கூட இல்ல. எங்க வீட்டுக்காரருக்கு முட்டி வலியே கிடையாதாம், போன ஞாயித்துக்கிழமை சும்மா அந்த சேர்ல உக்கார வச்சு எண்ணினேன், 10. அவருக்கு 61. தை மாசம் திருத்தணில 365 படியும் ஏறணும்னு வேண்டுதல் வேற வச்சிருக்கார், திங்கக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பொண்ணு கிட்ட அவருக்கும் சேத்து அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன், இன்னும் அவர் கிட்ட சொல்லல.